ஸ்டேட் மெஷினிலிருந்து ஜெனிடிக் அல்காரிதம் வழியே டெஸ்ட் உருவாக்கம்: இரண்டு டிரான்சிஷன்கள் மட்டும் சிக்கவில்லை

நிரல்வெளி:

தரவு அனுப்பும் ஒரு சிறிய நெறிமுறையின் அனுப்புநர் பக்கத்தை ஸ்டேட் மெஷினாக, அதாவது நிலைகளும் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் டிரான்சிஷன்களுமாக, எழுதியிருக்கிறேன். எல்லா டிரான்சிஷன்களையும் தொடும் டெஸ்ட்களை ஜெனிடிக் அல்காரிதம் (வேட்பாளர்களைக் கலந்தும் மாற்றியும், நல்லவற்றைத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தும் தேடும் முறை) தேடித் தர வேண்டும் என்பது நோக்கம். நிலைகள் நான்கு: துண்டிப்பு, காத்திருப்பு, இணைப்பு, அனுப்புதல். மாறிகள் இரண்டு: கவுண்டர், அப்புறம் ஒரே பிட் அளவுள்ள வரிசைஎண். மறுமுயற்சி வரம்பு 50.

டி1: துண்டிப்பில் இணைப்புக் கோரிக்கை வந்தால் கவுண்டர் = 1, எதிர்முனைக்குக் கோரிக்கைச் செய்தி, காத்திருப்புக்குப் போ.
டி2: காத்திருப்பில் உறுதிச் செய்தி வந்தால் மேலடுக்குக்கு உறுதி அறிவிப்பு, இணைப்புக்குப் போ.
டி3: காத்திருப்பில் டைமர் முடிந்தது, கவுண்டர் < 50. கவுண்டரைக் கூட்டு, கோரிக்கையை மறுபடி அனுப்பு.
டி4: காத்திருப்பில் டைமர் முடிந்தது, கவுண்டர் = 50. துண்டிப்பு அறிவிப்பு, துண்டிப்புக்குப் போ.
டி5: இணைப்பில் தரவு வந்தால் கவுண்டர் = 1, தரவை அனுப்பு, அனுப்புதலுக்குப் போ.
டி6: அனுப்புதலில் சரியான வரிசைஎண்ணோடு ஒப்புகை வந்தால் வரிசைஎண்ணைப் புரட்டு, இணைப்புக்குத் திரும்பு.
டி7: அனுப்புதலில் தவறான வரிசைஎண்ணோடு ஒப்புகை, கவுண்டர் < 50. கூட்டு, தரவை மறுபடி அனுப்பு.
டி8: அனுப்புதலில் டைமர் முடிந்தது, கவுண்டர் < 50. அதே வேலை.
டி9: அனுப்புதலில் டைமர் முடிந்தது, கவுண்டர் = 50. துண்டிப்பு அறிவிப்பு, துண்டிப்புக்குப் போ.

மற்ற நிகழ்வு எது வந்தாலும் அந்த நிலையில் அது கண்டுகொள்ளப்படாது.

என் குரோமோசோம் (ஒரு வேட்பாளரை எழுதும் வடிவம்) டிரான்சிஷன் பெயர்களின் பட்டியல், நீளம் 100 வரை. ஃபிட்னெஸ் (வேட்பாளரின் மதிப்பெண், குறைந்தால் நல்லது) என்பது இலக்கு டிரான்சிஷன் தொடங்கும் நிலையை அடைய இன்னும் எத்தனை டிரான்சிஷன் பாக்கி என்ற எண். ஏழு டிரான்சிஷன்கள் உடனே கிடைத்துவிடுகின்றன. டி4, டி9 இரண்டும் வருவதே இல்லை. பாப்புலேஷனையும் (ஒரு தலைமுறையின் வேட்பாளர் எண்ணிக்கை) தலைமுறைகளையும் கூட்டிப் பார்த்தாலும் அதே கதைதான். எங்கே கை வைக்கலாம்?

தேடல்வாசி:

பாப்புலேஷனை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். தேடலுக்கு எது நல்லது எது கெட்டது என்று தெரிவதே ஃபிட்னெஸ் வழியாகத்தான். உங்கள் ஃபிட்னெஸ் டி9 விஷயத்தில் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறது.

அனுப்புதல் நிலையை அடைந்துவிட்ட எல்லா வேட்பாளர்களுக்கும் பாக்கி சுழியம். கவுண்டர் 1-இல் நிற்பதும் 49 வரை வந்துவிட்டதும் உங்கள் கணக்கில் ஒன்றே. ஆக, அங்கிருந்து அப்பால் நடப்பது ஜெனிடிக் அல்காரிதம் என்ற பெயரில் குருட்டுத்தேடல். ஆயிரம் தலைமுறை ஓட்டினாலும் சமதரையில் ஏறுவதற்கு மேடு இல்லை.

இதற்கு மருந்து புதிதல்ல. மிதவைப்புள்ளி உள்ளீடுகளைக் கண்டுபிடிக்க 1976-இல் மில்லரும் ஸ்பூனரும் எழுதிய கட்டுரையிலேயே இதன் விதை இருக்கிறது: நிபந்தனை உண்மையா பொய்யா என்று மட்டும் கேட்காதே, உண்மையாவதற்கு எவ்வளவு தூரம் பாக்கி என்று கேள். 1990-இல் கோரெல் அதை ஓடும் நிரலோடு இணைத்தார். 2001-இல் வெக்னர் குழுவினர் இரண்டு அளவுகளைச் சேர்த்து வைத்தார்கள். இலக்குக்கு முன்னால் இன்னும் எத்தனை முடிவுப்புள்ளிகள் தாண்டப்படவில்லை என்பது அப்ரோச் லெவல். சிக்கி நிற்கும் அந்த ஒரு நிபந்தனை உண்மையாக எவ்வளவு பாக்கி என்பது கிளைத் தூரம். முதலாவது முழு எண். இரண்டாவதை 0-க்கும் 1-க்கும் இடையில் சுருக்கி முதலாவதோடு கூட்டிக்கொள்ள வேண்டும். அப்போதுதான் கிளைத் தூரம் எவ்வளவு பெரிதானாலும் ஒரு முழுப் படியை விழுங்காது.

நீங்கள் முதல் பாதியை மட்டும் வைத்திருக்கிறீர்கள். டி9-க்கு இரண்டாம் பாதி 50 − கவுண்டர். சுருக்குவதற்கு தூரம் ÷ (தூரம் + 1) போதும்.

இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, தூரத்தை எப்போது அளக்கிறீர்கள் என்பது. ஓட்டம் முடிந்த பிறகு அளக்காதீர்கள். கவுண்டர் 40 வரை ஏறி, பிறகு ஒரு சரியான ஒப்புகை வந்து இணைப்புக்குத் திரும்பிவிட்ட வேட்பாளரிடம் நல்ல சரக்கு இருக்கிறது. அந்த ஓட்டம் முழுவதிலும் அனுப்புதல் நிலையில் இருந்தபோது கிடைத்த மிகக் குறைந்த தூரத்தை எடுங்கள்.

இன்னொன்று, தேர்வு முறை. கவுண்டர் 1 என்றால் 49 ÷ 50 = 0.98. கவுண்டர் 30 என்றால் 20 ÷ 21, ஏறத்தாழ 0.952. முப்பது வரை ஏறியவனுக்கும் ஏறாதவனுக்கும் வித்தியாசம் மூன்று சதவீதம்கூட இல்லை. மதிப்பெண்ணின் விகிதத்தில் வாய்ப்புத் தரும் ரூலெட் சக்கரத் தேர்வு வைத்திருந்தால் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வாய்ப்பு கிடைக்கும், மேடு இருந்தும் இல்லாத மாதிரி ஆகிவிடும். டோர்னமென்ட் அல்லது தரவரிசைத் தேர்வுக்கு மாறுங்கள். அவற்றுக்கு யார் முந்தியவர் என்பது மட்டும் தெரிந்தால் போதும்.

சமன்பாடு:

இந்த மாடலுக்கு ஜெனிடிக் அல்காரிதம் எதற்கு? எல்லாம் முழு எண்கள், எல்லாம் நேர்கோட்டு நிபந்தனைகள். மாடலை 53 படிகளுக்கு விரித்து நிபந்தனைகளுக்குப் பொருந்தும் மதிப்புகளைத் தானே கண்டுபிடிக்கும் இசட்3 போன்ற ஒரு சால்வரிடம் கொடுத்தால் கையோடு விடை வரும். இப்படிக் குறிப்பிட்ட படிகளுக்குள் மட்டும் சரிபார்க்கும் எல்லைக்குட்பட்ட மாடல் செக்கிங் 1999-இலிருந்தே இருக்கிறது.

நிரல்வெளி:

சமன்பாடு, இது சிறிய மாடல் என்பதால் அப்படித் தெரிகிறது. அடுத்து வரப்போகும் மாடலில் சில டிரான்சிஷன்களின் செயல்பகுதி ஏற்கெனவே இருக்கும் நூலக நிரலைக் கூப்பிடும். செக்சம் (செய்தி சிதையவில்லை என்று காட்டும் சரிபார்ப்பு எண்) கணக்கும் மிதவைப்புள்ளிக் கணக்கும் உண்டு. அவற்றைச் சால்வருக்குப் புரியும்படி எழுதித் தருவது தனி வேலையாகிவிடும். அதனால்தான் இந்த வழி.

தேடல்வாசி, கிளைத் தூரம் சேர்த்து டோர்னமென்ட்டுக்கும் மாற்றினேன். கவுண்டர் இப்போது ஏறுகிறது, ஆனால் நத்தை வேகம். இருபதை ஒட்டித் தேங்கிவிடுகிறது. கிராஸ்ஓவர் (இரு வேட்பாளர்களை வெட்டி ஒட்டுவது) நடந்ததும் பாதிக்கு மேல் வேட்பாளர்கள் செல்லாதவை ஆகிவிடுகின்றன.

தேடல்வாசி:

அது குரோமோசோம் எழுதியிருக்கும் விதத்தால் வருவது. டிரான்சிஷன் பெயர்களின் பட்டியல் என்றால், பட்டியலில் டி8-க்குப் பிறகு டி2 வந்தால் பாதை அறுந்துவிடும். நிலைகள் ஒட்டினாலும் நிபந்தனை ஒட்டாது: டி9-ஐ ஓரிடம் முன்னால் வைத்தாலும் செல்லாது, டி8-ஐ ஒன்று கூடுதலாக வைத்தாலும் செல்லாது. நாற்பத்தொன்பதாவது டி8-க்கு அடுத்த இடத்தில் டி9 சரியாக உட்கார்ந்தால்தான் உண்டு. தேடலுக்கு நீங்களே வேலி கட்டி வைத்திருக்கிறீர்கள்.

நிகழ்வுகளின் பட்டியலாக மாற்றுங்கள். ஒவ்வோர் இடத்திலும் ஒரு நிகழ்வும் அதன் அளபுருக்களும் மட்டும் இருக்கட்டும்: டைமர், டைமர், ஒப்புகை(1), தரவு என்று. எந்த டிரான்சிஷன் எடுக்கப்படும் என்பதை மாடலே முடிவு செய்யட்டும். கவுண்டர் 50 ஆன பிறகு வரும் டைமர் தானாகவே டி9 ஆகிவிடும், நீங்கள் இடம் பார்த்து வைக்க வேண்டியதில்லை. செல்லாத வேட்பாளர் என்ற பேச்சுக்கே இடமில்லை. கண்டுகொள்ளப்படாத நிகழ்வு கொஞ்சம் நீளத்தை வீணாக்கும், அவ்வளவுதான்.

கிராஸ்ஓவரையும் ஏதோ ஓரிடத்தில் வெட்டாதீர்கள். இரு பெற்றோரும் ஒரே நிலையில் இருந்த இடங்களாகப் பார்த்து வெட்டி ஒட்டுங்கள். அம்மாவின் முதல் பாதி அனுப்புதல் நிலையில் முடிகிறதென்றால், அப்பாவிடமும் அனுப்புதலில் தொடங்கும் பிற்பாதியை எடுங்கள். மாறிகளின் மதிப்பு வேறாக இருக்கலாம், அதனால் பிற்பாதி முன்பு போன வழியிலேயே போகும் என்ற உறுதி இல்லை. இருந்தாலும் எடுத்த எடுப்பில் பாழாகாது.

இனி நத்தை வேகத்துக்கு வருவோம். கவுண்டரை 1-இலிருந்து 50-க்கு ஏற்ற 49 மறுமுயற்சிகள் வேண்டும். உங்கள் மியூட்டேஷன் (வேட்பாளரில் செய்யும் சீரற்ற மாற்றம்) ஒரு முறைக்கு ஓர் இடத்தைத்தான் மாற்றும் என்றால், ஒவ்வொரு படியும் தனித்தனியாக நடந்து, தனித்தனியாகத் தேர்வில் பிழைக்க வேண்டும். நடுவில் ஒரு சரியான ஒப்புகை நுழைந்தால் இணைப்புக்குத் திரும்பி, அடுத்த டி5 கவுண்டரை மறுபடி 1 ஆக்கிவிடும். அதனால்தான் தேங்குகிறது.

இதற்கென்றே ஒரு மியூட்டேஷன் சேருங்கள்: வளைய நகல். வேட்பாளரை ஓட்டும்போது ஒவ்வோர் இடத்திலும் எந்த நிலையில் இருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரே நிலையில் தொடங்கி அதே நிலையில் முடியும் ஒரு துண்டைத் தேர்ந்து, அதை அப்படியே பக்கத்தில் இன்னொரு முறை ஒட்டுங்கள். ஒரு டைமர் இரண்டாகும், இரண்டு நான்காகும். முழுத் துண்டும் ஒவ்வொரு முறையும் அகப்பட்டால் ஆறு இரட்டிப்பில் 64 டைமர்கள். டி9-க்கு வேண்டியது 50 தான். நடைமுறையில் துண்டில் பாதிதான் அகப்படும், கூடுதல் தலைமுறைகள் ஆகும். ஆனாலும் ஒவ்வொன்றாக அடுக்குவதோடு ஒப்பிடவே முடியாது.

இரட்டிப்பு மட்டும் இருந்து கிளைத் தூரம் இல்லையென்றால் எந்த வளையத்தை நகலெடுப்பது என்று தேடலுக்குத் தெரியாது. டி5-டி6 வளையத்தையும் அதே ஆர்வத்தோடு நகலெடுத்துக்கொண்டிருக்கும். இரண்டும் சேர்ந்தால்தான் வேலை நடக்கும்.

குறுக்கெண்:

எதையும் மாற்றுவதற்கு முன் ஒரு கணக்கு. வெறும் சீரற்ற ஓட்டம் எவ்வளவு தூரம் போகும் என்று தெரியாமல் ஜெனிடிக் அல்காரிதம் நன்றாக வேலை செய்கிறதா என்று யாராலும் சொல்ல முடியாது.

அனுப்புதல் நிலையில் டைமருக்குப் பாதி வாய்ப்பு, ஒப்புகைக்குப் பாதி வாய்ப்பு என்று வைப்போம். வரிசைஎண் ஒரு பிட், அதனால் ஒப்புகைகளில் பாதி சரி, பாதி தவறு. ஆக, நான்கில் மூன்று முறை கவுண்டர் ஏறும், ஒரு முறை வெளியேறிவிடும். வரம்பு 4 என்று இருந்தால் மூன்று ஏற்றம் போதும்: 27/64. நாற்பது சதவீதத்துக்கு மேல். தேடலே வேண்டாம், நாணயம் சுண்டினாலே டி9 வந்துவிடும். வரம்பு 50 என்றால் நாற்பத்தொன்பது ஏற்றம் தொடர்ச்சியாக நடக்க வேண்டும், வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்றுக்கும் கீழ். டி4 இன்னும் மோசம். காத்திருப்பில் டைமரும் உறுதிச் செய்தியும் பாதிப் பாதி என்றால் ஐம்பது டைமர் வரிசையாக வர வேண்டும், இரண்டின் ஐம்பதாம் அடுக்கில் ஒன்று.

இப்போது ஒன்றே ஒன்றை மாற்றிப் பாருங்கள். வரிசைஎண் ஒரு பிட் அல்ல, எட்டு பிட். ஒப்புகை 256-இல் ஒரு முறைதான் சரியாக இருக்கும். அனுப்புதலில் 512 நிகழ்வுக்கு ஒன்றுதான் வெளியேற்றும். நாற்பத்தொன்பது ஏற்றமும் தடையில்லாமல் நடக்க வாய்ப்பு தொண்ணூறு சதவீதம். சீரற்ற ஓட்டமே டி9-ஐ அள்ளிக் கொடுக்கும். இதுவரை சுலபமாக இருந்த டி6 அரிதாகிவிடும். ஒரு மாறியின் அகலம் மாறியதும் கடினமும் எளிமையும் தலைகீழ்.

மாடலைப் பார்த்ததும் எந்த டிரான்சிஷன் கடினம் என்று கண்ணால் சொல்லிவிடலாம் என்ற நம்பிக்கையை நான் இதனால்தான் ஏற்பதில்லை. சீரற்ற ஓட்டத்தை முதலில் ஓட்டுங்கள், கிடைப்பதை எல்லாம் எடுத்துக்கொள்ளுங்கள், மிச்சத்துக்கு மட்டும் ஃபிட்னெஸ் எழுதுங்கள்.

அப்புறம், ஒப்பீடு செய்யும்போது ஒரே ஓட்டத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள். ஒவ்வொரு முறையையும் வெவ்வேறு விதை எண்களோடு (சீரற்ற எண்களின் தொடக்க மதிப்பு) குறைந்தது முப்பது முறையாவது ஓட்டி, வித்தியாசம் தற்செயலா என்று பார்க்கும் மான்-விட்னி சோதனையும், அது எவ்வளவு பெரிது என்று சொல்லும் வர்கா-டிலேனி விளைவளவும் போட்டுப் பாருங்கள். அர்க்கூரியும் பிரியாண்டும் 2011-இல் இதை வலியுறுத்தி எழுதிய பிறகும் ஒரே ஓட்டத்தின் வரைபடத்தைக் காட்டி வாதிடுகிறவர்கள் இருக்கிறார்கள். முறையே தற்செயலை நம்பியிருக்கும்போது ஒரே ஓட்டத்துக்கு என்ன மதிப்பு?

சோதனைக்கிளி:

நான் இப்போதுதான் இதைப் படிக்கத் தொடங்கியிருக்கிறேன். ஒரு சந்தேகம். முதலில் பாதையை முடிவு செய்துகொண்டு, பிறகு அந்தப் பாதைக்கு வேண்டிய உள்ளீட்டு மதிப்புகளைத் தேடுவது சுலபமாக இருக்காதா? டி9-க்கு டி1, டி2, டி5, டி9 என்பதுதானே குறுக்குவழி.

தேடல்வாசி:

வரைபடத்தில் அது குறுக்குவழிதான், ஆனால் அந்த வழியில் யாராலும் போக முடியாது. டி5 கவுண்டரை 1 ஆக்குகிறது, டி9 அது 50 ஆக இருக்க வேண்டும் என்கிறது. நடுவில் கவுண்டரைத் தொடுவார் யாரும் இல்லை. உள்ளீட்டில் நீங்கள் எந்த மதிப்பைக் கொடுத்தாலும் இந்தத் தூரம் 49-ஐ விட்டுக் குறையாது. ஒரு தேடலை இங்கே அனுப்பினால் நேரம் முழுவதையும் தின்றுவிட்டு வெறுங்கையோடு வரும்.

மாறிகள் இல்லாத வெறும் ஸ்டேட் மெஷினில் வரைபடப் பாதை என்றால் அது நிச்சயம் நடக்கும் பாதை. மாறியும் நிபந்தனையும் சேர்ந்துவிட்டால் அந்த உறுதி போய்விடுகிறது. இந்தத் துறையின் சிரமத்தில் பெரும்பகுதி இந்த ஓரிடத்தில் இருக்கிறது.

ஆனாலும் உங்கள் யோசனைக்கு மதிப்பு உண்டு. லெஃப்டிகாருவும் இபாடேயும் 2008-இல் எழுதியது கொடுத்த பாதைக்கு மதிப்புகளைத் தேடும் முறையைத்தான். பாதையில் எத்தனை டிரான்சிஷன் பாக்கி என்பதை அப்ரோச் லெவலாக வைத்தார்கள். பாதை சரியானதாக இருந்தால் அருமையாக வேலை செய்யும். கலாஜி, ஹைரன்ஸ், ஸ்விஃப்ட் மூவரும் 2011-இல் அதற்கு முன்னால் ஒரு கட்டத்தைச் சேர்த்தார்கள்: பாதையை ஓட்டிப் பார்க்காமலே, அதில் எந்தச் செயல் எந்த மாறியை எழுதுகிறது, எந்த நிபந்தனை அதைப் படிக்கிறது என்று பார்த்து ஓர் அபராத மதிப்பெண். மாறிலி எழுதப்பட்டு வேறொரு மாறிலியோடு ஒப்பிடப்பட்டால் கடும் அபராதம். நிபந்தனை உள்ளீட்டு அளபுருவை மட்டும் பார்த்தால் லேசான அபராதம், ஏனென்றால் அது நம் கையில் இருக்கிறது. அபராதம் குறைந்த பாதைகளை ஒரு தேடல் கண்டுபிடிக்கும், மதிப்புகளை இன்னொரு தேடல் நிரப்பும்.

எனக்கு எது பிடிக்கும் என்றால், கவுண்டர் மாதிரியான வளைய விஷயத்துக்குப் பாதையும் மதிப்பும் சேர்ந்தே தேடப்பட வேண்டும். எத்தனை சுற்று என்பதே விடையாக இருக்கும்போது பாதையைத் தனியே பிரித்தெடுப்பதில் பொருள் இல்லை. நிபந்தனைகள் பெரும்பாலும் அளபுருக்களைச் சார்ந்திருந்தால் பிரித்துச் செய்வதே சுலபம்.

சோதனைக்கிளி:

புரிந்தது, நன்றி. இன்னொன்று: எங்களிடம் இருக்கும் மாடலில் கவுண்டரை நிபந்தனையில் நேரடியாகக் கேட்பதில்லை. "வரம்பை_எட்டியது" என்று ஒரு உண்மை/பொய் மாறி. கவுண்டர் கூடும் இடத்தில் அது 50 ஆகிவிட்டதா என்று பார்த்து இந்த மாறியை நிரப்புகிறார்கள். டி9-இன் நிபந்தனையில் அந்த மாறி மட்டும்தான் இருக்கிறது. இதற்குக் கிளைத் தூரம் எப்படி எழுதுவது?

தேடல்வாசி:

அதற்குக் கொடிச் சிக்கல் என்றே பெயர். பொய் என்றால் தூரம் 1, உண்மை என்றால் 0, நடுவில் ஒன்றும் கிடையாது. கவுண்டர் 49 வரை ஏறியவனுக்கும் 1. மேட்டை இடித்துச் சமதரை ஆக்கியது போலத்தான்.

ஹார்மனும் கூட்டாளிகளும் 2004-இல் தந்த தீர்வையே இன்றும் பின்பற்றுகிறேன். தேடலுக்காக மாடலின் ஒரு பிரதியை எடுத்து, அதில் கொடி வரும் நிபந்தனையை நீக்கி, அந்தக் கொடி எதிலிருந்து பிறந்ததோ அந்தக் கணக்கையே அங்கே வையுங்கள். டி9-இன் நிபந்தனை மறுபடி கவுண்டர் = 50 ஆகும், தூரம் உயிர்பெறும். கிடைத்த டெஸ்ட்டை மூல மாடலில் ஓட்டிச் சரிபாருங்கள். மாற்றிய பிரதி மூலத்துக்குச் சமமாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. இலக்கைத் தொடும் உள்ளீட்டை அது தந்தால் போதும், தொடுகிறதா என்று சொல்ல மூல மாடல் இருக்கிறது.

கொடி பல இடங்களில் எழுதப்பட்டால் இது கொஞ்சம் சிக்கலாகும். அப்போது கொடிக்குப் பக்கத்தில் தூரம் என்று ஒரு எண் மாறியைச் சேர்த்து, கொடியை எழுதும் ஒவ்வோர் இடத்திலும் அந்த எண்ணையும் எழுதுங்கள். தேடல் அந்த எண்ணைப் பார்க்கும்.

சமன்பாடு:

நூலக நிரல் வருகிறது என்று நிரல்வெளி சொன்னதை ஏற்கிறேன். அங்கே சால்வர் திணறும். செக்சம் விஷயத்தில் தேடலும் சேர்ந்து திணறும் என்பதையும் சொல்லியாக வேண்டும்: ஒரு பைட் மாறினால் விடை எங்கோ தாவிவிடும், கிளைத் தூரத்துக்கு அங்கே பொருளே கிடையாது. நல்ல வழி, செக்சத்தைத் தேட வேண்டிய மதிப்பாக வைக்காமல் செய்தியை அமைக்கும்போதே கணக்கிட்டு நிரப்புவது. தவறான செக்சத்துக்கு ஒரு தனி நிகழ்வு போதும்.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. தேடல் ஒரு டிரான்சிஷனைக் கண்டுபிடிக்கவில்லை என்றால் அது நடக்கவே நடக்காது என்று பொருளல்ல. சால்வராவது இத்தனை படிகளுக்குள் இல்லை என்று உறுதியாகச் சொல்லும். எத்தனை படி போனாலும் இல்லை என்று எல்லா மாடலுக்கும் சொல்லக்கூடிய கருவி எதுவும் இருக்க முடியாது. வரம்பில்லாத இரண்டு கவுண்டர்கள் இருந்தாலே எந்தக் கணினி நிரலையும் போலச் செய்துவிடலாம் என்று மின்ஸ்கி அறுபதுகளிலேயே காட்டிவிட்டார். ஆகவே மிஞ்சி நிற்கும் டிரான்சிஷனை அறிக்கையில் "நடக்காதது" என்று எழுதாமல் "இதுவரை தொடப்படாதது" என்று எழுதுங்கள். அதைப் படிப்பவர் எடுக்கும் முடிவே வேறாக இருக்கும்.

பழஞ்சோதகர்:

எல்லோரும் தொடுவதைப் பற்றியே பேசுகிறீர்கள். தொட்ட பிறகு என்ன பார்க்கிறீர்கள்?

நிரல்வெளியின் டி9-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். உண்மையான நிரலை எழுதியவர் துண்டிப்பு அறிவிப்பைச் சரியாக அனுப்பிவிட்டு, நிலையை மட்டும் துண்டிப்புக்குப் பதில் இணைப்பு என்று வைத்துவிட்டார் என்று கொள்வோம். உங்கள் டெஸ்ட் டி9-இல் முடிகிறது. வெளியீடு மாடலோடு ஒத்துப்போகிறது. பச்சை விளக்கு எரியும். பிழை உள்ளேயே இருக்கும்.

அதே டெஸ்ட்டின் வாலில் ஓர் இணைப்புக் கோரிக்கையைச் சேருங்கள். துண்டிப்பில் இருந்தால் எதிர்முனைக்குக் கோரிக்கைச் செய்தி போகும். வேறு எந்த நிலையிலும் அந்த நிகழ்வுக்கு ஒன்றும் வெளிவராது. ஒரே நிகழ்வில் நிலை அம்பலமாகிவிடும். ஒரு நிலையை மற்ற எல்லா நிலைகளிலிருந்தும் பிரித்துக் காட்டும் இப்படிப்பட்ட உள்ளீடு-வெளியீட்டுத் தொடரைத்தான் 1980களில் நெறிமுறைச் சோதனைக்காரர்கள் தேடினார்கள். சௌ 1978-இல் தந்த டபிள்யூ முறை இன்னும் ஒரு படி மேலே போய், நிரலில் இருக்கக்கூடிய நிலைகளுக்கு ஓர் உச்சவரம்பு தெரிந்தால் வெளியீட்டுப் பிழை, நிலைப் பிழை அனைத்தையும் பிடிக்க உறுதி தருகிறது.

பெரிய மாடலில் இந்தத் தொடர்கள் எளிதில் கிடைக்காது. ஒரு நிலைக்கு அப்படி ஒரு தொடர் இருக்கிறதா என்ற கேள்வியே பிஸ்பேஸ்-முழுமையானது (வேகமாகத் தீர்க்கும் பொது வழி எதுவும் தெரியாத வகை) என்று லீயும் யன்னகாகிஸும் 1994-இல் நிறுவினார்கள். ஆகவே இங்கேயும் தேடல் கைகொடுக்கும், ஜெனிடிக் அல்காரிதத்தை இதற்குப் பயன்படுத்திய வேலைகள் உண்டு. மாறிகள் உள்ள மெஷினில் இன்னொரு சுருக்கு இருக்கிறது. காத்திருப்பையும் அனுப்புதலையும் டைமரால் பிரிக்கலாம் என்று நினைப்பீர்கள்: ஒன்று கோரிக்கையை மறுபடி அனுப்பும், மற்றது தரவை மறுபடி அனுப்பும். ஆனால் கவுண்டர் 50-இல் நிற்கும்போது இரண்டுமே துண்டிப்பு அறிவிப்பைத்தான் தரும். அதாவது அந்தத் தொடர் கவுண்டரின் சில மதிப்புகளுக்குச் செல்லும், சிலவற்றுக்குச் செல்லாது. காத்திருப்புக்கு உறுதிச் செய்தியைக் கொடுங்கள், அது கவுண்டரைப் பார்ப்பதில்லை.

தேடல்வாசி நிகழ்வுப் பட்டியல் பக்கம் திருப்பியதை வரவேற்கிறேன், அவர் சொன்ன காரணத்தைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. மாடலில் கண்டுகொள்ளப்படாத நிகழ்வுகளையும் அது நிரலுக்குக் கொடுத்துப் பார்க்கும். 2014-இல் ஓபன்எஸ்எஸ்எல் என்ற மறையாக்க நூலகத்தில் வெளிவந்த ஓட்டை அத்தகையதுதான்: சேஞ்ச் சைஃபர் ஸ்பெக் என்ற செய்தி வரக்கூடாத நேரத்தில், சாவி ஒப்பந்தம் முடியும் முன்பே வந்தபோதும் நிரல் அதை ஏற்றுக்கொண்டது. நடுவில் இருப்பவர் அதை வைத்து பலவீனமான சாவியைத் திணிக்க முடிந்தது. மாடலில் வரைந்த அம்புகளை மட்டும் எத்தனை முறை தொட்டாலும் அந்தப் பிழை வெளிவராது, ஏனென்றால் அந்த அம்பு மாடலில் இல்லை. அடுத்த ஆண்டு டி ரூய்டரும் போலும் டிஎல்எஸ் (இணையத் தொடர்பைப் பாதுகாக்கும் நெறிமுறை) நிரல்களிடமிருந்தே அவற்றின் ஸ்டேட் மெஷின்களைக் கற்றெடுத்துப் பார்த்தபோது பல நிரல்களில் இருக்கக்கூடாத அம்புகள் தென்பட்டன.

ஆகவே ஃபிட்னெஸ் எழுதும் அதே அக்கறையோடு, ஒவ்வொரு நிலையிலும் கண்டுகொள்ளக்கூடாத நிகழ்வைக் கொடுத்து, நிலை மாறவில்லை என்று உறுதி செய்வதையும் இலக்குகளின் பட்டியலில் சேருங்கள்.

நிரல்வெளி:

நிகழ்வுப் பட்டியல், ஒரே நிலையில் வெட்டும் கிராஸ்ஓவர், வளைய நகல் மூன்றையும் சேர்த்தாயிற்று. டி4, டி9 இரண்டும் வருகின்றன, விதை எண்ணை மாற்றினாலும் வருகின்றன. பழஞ்சோதகர் ஐயா சொன்ன வால் பகுதியையும் ஒவ்வொரு டெஸ்ட்டிலும் சேர்த்துவிட்டேன்.

ஒரு தொந்தரவு பாக்கி. டி9-ஐத் தொடும் டெஸ்ட் தொண்ணூறு நிகழ்வுகளுக்கு மேல் வருகிறது, நடுவில் தேவையில்லாத சுற்றுகள். தோல்வி வந்தால் படித்துப் புரிந்துகொள்வது சிரமம். நீளத்துக்கும் ஃபிட்னெஸில் அபராதம் வைக்கலாமா? இல்லையென்றால் தேடும்போது மட்டும் வரம்பை 3 ஆக்கிவிடலாமா?

குறுக்கெண்:

ஃபிட்னெஸில் நீள அபராதம் வைத்தால் வளைய நகலோடு அது நேருக்கு நேர் மோதும். நகலெடுத்த வேட்பாளர் நீளமானவன், வளரும் முன்பே வெட்டுப்படுவான். இரண்டு வேட்பாளர்கள் ஃபிட்னெஸில் சமமாக நின்றால் மட்டும் குட்டையானவனைத் தேர்ந்தெடுங்கள், அது தீங்கில்லாதது.

மிச்சச் சுருக்கத்தைத் தேடல் முடிந்த பிறகு செய்யுங்கள். முதலில் பாதி, பிறகு கால் என்று துண்டுகளை நீக்கி, டி9 இன்னும் தொடப்படுகிறதா என்று மறுபடி ஓட்டுங்கள். ஸெல்லரும் ஹில்டெப்ராண்டும் 2002-இல் விவரித்த டெல்டா டீபக்கிங் வழிதான். டி1, டி2, டி5, பிறகு நாற்பத்தொன்பது மறுமுயற்சி, கடைசியில் டி9: 53-க்குக் கீழே எந்த டெஸ்ட்டும் இறங்க முடியாது, அந்த எண்ணை நெருங்கியதும் நிறுத்திவிடலாம்.

பழஞ்சோதகர்:

சுருக்கும்போது வால் பகுதியைச் சுருக்கியின் கைக்குக் கொடுக்காதீர்கள். டி9 தொடப்பட்டால் போதும் என்று சொல்லிவைத்தால் அது செய்யும் முதல் வேலையே வாலில் இருக்கும் இணைப்புக் கோரிக்கையை வெட்டுவதுதான். வாலைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, சுருக்கி முடித்ததும் ஒட்டுங்கள்.

வரம்பை 3 ஆக்குவது பற்றி: நிரலில் வரம்பு ஓர் அமைப்பு மதிப்பாக இருந்தால் தாராளமாகச் செய்யுங்கள். சிறிய என்பதற்குப் பதில் சிறிய-அல்லது-சமம் என்று எழுதிய பிழை வரம்பு 3-இலும் அதே மாதிரி வெளிப்படும், டெஸ்ட்டும் ஆறு நிகழ்வில் முடியும். நிரலுக்குள் 50 என்று நேரடியாக எழுதப்பட்டிருந்தால் அந்த வழி மூடியிருக்கிறது, 53 நிகழ்வு டெஸ்ட்டையே வைத்துக்கொள்ளுங்கள். முதல் வழி திறந்திருந்தாலும் டி4-க்கும் டி9-க்கும் தலா ஒரு நீளமான டெஸ்ட்டை உண்மையான வரம்போடு விட்டு வையுங்கள். ஐம்பது மறுமுயற்சி நடக்கும்போது தீர்ந்துபோகும் பஃபரோ, ரத்து செய்யப்படாமல் சேர்ந்துகொண்டே போகும் டைமரோ மூன்று சுற்றில் தலைகாட்டாது.